கடலோரக் காத்துல மெல்லிசு முடி பரட்டையாகாம பாத்துக்கறது எப்படி: மாசம் நூறு ரூபாக்குள்ள ஒரு முழு வழிகாட்டி

காலைல வீட்ட விட்டு கெளம்பும்போது கண்ணாடில பாத்தா தலை நல்லாத்தான் இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்துல பஸ் ஏறி, ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாத்துப் பாலத்துல காத்து அடிக்க ஆரம்பிச்சதுமே நெத்தியச் சுத்தி பூனை முடி எல்லாம் எழுந்து நிக்கும், முள்ளோடை கன்னியக்கோயில் எல்லாம் தாண்டி பாண்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கறப்போ பாத்தா எவனோ என்னை ராத்திரி பூரா தூங்க விடாம பண்ண மாதிரி ஒரு தலை. கடைல பில்லிங்ல உக்காந்தா வர்ற கஸ்டமர் எல்லாம் என் மூஞ்சிய பாக்கறதுக்கு முன்னாடி தலையத்தான் பாப்பாங்க. இது ஒரு நாள் ரெண்டு நாள் கதை இல்ல, எட்டு வருஷம்.

இந்த எட்டு வருஷத்துல நான் வாங்கி ஏமாந்தது, செஞ்சு பாத்து சொதப்புனது, கடைசில ஒத்து வந்தது எல்லாம் சேத்து எழுதறேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், தலைல எத போடறோம்ங்கறது பாதி விஷயம்கூட இல்ல. பாத்ரூம்ல இருந்து வெளிய வந்து முடி முழுசா காயற வரைக்கும் ஒரு மணி நேரம் இருக்குல்ல, அந்த நேரத்துல முடிய நாம என்ன பாடு படுத்தறோம்ங்கறதுதான் பாக்கி எல்லாம். எனக்கு இது தெரியறதுக்கே ஆறு வருஷம் ஆச்சு.

ஏன் இப்படி சிலிர்த்துக்குது

முடி மேல்தோல் ஓட்டு வீடு மாதிரி, ஓடு மேல ஓடு அடுக்கி இருக்கும். அந்த ஓடு தூக்கிக்கிட்டா ஈரக்காத்து உள்ள பூந்துடும். முடி தன் எடைல கிட்டத்தட்ட 30 சதவீதம் வரைக்கும் தண்ணிய உறிஞ்சும்னா பாத்துக்கோங்க. உள்ள இருக்கற புரத இழைங்கள ஒண்ணோட ஒண்ணு புடிச்சு வெக்கிற சின்னச் சின்ன கட்டுங்க இருக்கு, ஹைட்ரஜன் பிணைப்புனு சொல்வாங்க, தண்ணி பட்டா அது அவுந்துடும், காயும்போது திரும்ப புடிச்சிக்கும். எந்த வாக்குல காயுதோ அந்த வாக்குலயே நின்னுக்கும். காட்டன் சேலைய நனைச்சு நீவி இழுத்து கொடில போட்டா மடிப்பு இல்லாம காயும், அப்படியே சுருட்டி போட்டா சுருங்கித்தான் காயும், அதே கதைதான்.

1783-லயே சோசூர்னு ஒருத்தர் ஜெனீவால, மனுஷ முடிய வெச்சே காத்துல ஈரம் எவ்ளோன்னு அளக்கற கருவி செஞ்சிருக்காரு. ஈரம் ஏறுனா முடி நீளும், வறண்டா சுருங்கும், முழு ஈரத்துக்கும் முழு வறட்சிக்கும் நடுவுல ரெண்டு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வரும். அதாவது நம்ம தலைல ஆயிரக்கணக்குல அந்தக் கருவி நட்டு வெச்சிருக்கு. ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு அளவுக்கு நீண்டு ஒவ்வொரு பக்கமா திரும்பிக்குது, அதான் பரட்டை. கடலூர்லயும் பாண்டியிலயும் ஐப்பசி கார்த்திகைல போன்ல வெதர் பாத்தா ஈரப்பதம் எண்பது தொண்ணூறுனு காட்டும். சித்திரைலயும் தப்பிக்க முடியாது, மத்தியானம் கடல்காத்து உள்ள வந்ததும் வேர்வையும் பிசுபிசுப்பும்தான்.

ஸ்டெப் 1: உங்க முடி மெல்லிசா, இல்ல அடர்த்தி கம்மியா

இது ரெண்டும் வேற வேற. ஒரு ஒத்த முடிய கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல உருட்டி பாருங்க. ஒண்ணு இருக்கறதே தெரியலன்னா மெல்லிசு. தையல் நூல் மாதிரி கைல தட்டுப்பட்டா தடிப்பு. எனக்கு மெல்லிசு, ஆனா அடர்த்தி இருக்கு, அதனால பின்னுனா பின்னல் குண்டாத்தான் வரும், எல்லாரும் உனக்கென்னடி நல்ல தடிப்பான முடின்னு சொல்லி சொல்லியே நான் தப்புத் தப்பா கனமான க்ரீம் எல்லாம் வாங்கிட்டேன். மெல்லிசு முடி கனத்த தாங்காது. கொஞ்சம் அதிகமா எது போட்டாலும் உச்சில எண்ணெ வடிஞ்ச மாதிரி படிஞ்சுக்கும், நுனி மட்டும் பறக்கும். இந்த வழிகாட்டில எங்க அளவு சொன்னாலும் அதுல பாதில ஆரம்பிங்க.

ஸ்டெப் 2: தண்ணி

எங்க தெருவுல போர் தண்ணி உப்பு. உங்க வீட்டுலயும் அப்படித்தானான்னு தெரிஞ்சுக்க டெஸ்ட் கிட் எதுவும் வேணாம், வெந்நீர் போடற ஹீட்டர் ராட பாருங்க, சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா அதே படிவுதான் உங்க முடிலயும் உக்காந்திருக்கு. முடி சொரசொரன்னு இருக்கும், ஷாம்பு நுரைக்காது, ஒண்ணோட ஒண்ணு ஒரசி சிக்கு விழும்.

ஷவர் ஃபில்டர்னு ஆயிரம் ரூபாக்கு விக்கறத வாங்கி தண்டம் அழாதீங்க, சின்ன ஃபில்டர் கார்ட்ரிட்ஜால தண்ணியோட கடினத்தன்மை பெருசா கொறையாது. நான் பண்றது இவ்ளோதான்: குளிக்கறதெல்லாம் போர் தண்ணில, கடைசி ஒண்ணு ரெண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணி. மழை நாள்ல மொட்டை மாடில சுத்தமான குண்டான் வெச்சு புடிச்ச தண்ணி, அதும் மொத பத்து நிமிஷ மழைய விட்டுட்டு புடிச்சது. மாசத்துக்கு ரெண்டு தடவ ஒரு லிட்டர் தண்ணில ஒரு டேபிள் ஸ்பூன் சமையல் வினிகர் கலந்து ஊத்தி, ஒரு நிமிஷம் விட்டு அலசிடுவேன். காயறதுக்குள்ள வாடை போயிடும். எலுமிச்சம்பழத்த நேரா தலைல தேய்க்கறது வேணாம், அது ரொம்ப புளிப்பு, அந்தச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா கொப்புளம் போட்டு கறுத்துப் போகவும் வாய்ப்பிருக்கு.

ஸ்டெப் 3: எண்ணெ, ஆனா குளிக்கறதுக்கு முன்னாடி

எங்கம்மாவோட ஒரே மருந்து, "எண்ணெ வெக்காம தலைய விரிச்சிப் போட்டுகினு திரிஞ்சா இப்படித்தான் பறக்கும்". அம்மா சொல்றது பாதி சரி. தேங்கா எண்ணெ முடிக்குள்ள எறங்கும், மத்த எண்ணெ பல மேலயே நின்னுடும். மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெ, தேங்கா எண்ணெ மூணையும் வெச்சு நம்ம நாட்டுலயே ஆராய்ச்சி பண்ணி 2003-ல வெளியிட்டாங்க, குளிக்கும்போது முடில இருந்து புரதம் போறத கொறைச்சது தேங்கா எண்ணெ மட்டும்தான். உள்ள எண்ணெ இருந்தா தண்ணி அவ்ளோ சீக்கிரம் ஏறாது.

ஆனா அம்மா வெக்கறது குளிச்சு முடிச்சப்புறம், உள்ளங்கை நெறைய. மெல்லிசு முடிக்கு அது சரிப்படாது. தலைக்கு குளிக்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்ல முந்தின ராத்திரி, அரை டீஸ்பூன் எடுத்து காதுக்கு கீழ மட்டும் தடவுங்க. உச்சந்தலைல வேணாம், எண்ணெ அதிகமா இருந்தா அத எடுக்க ரெண்டு தடவ ஷாம்பு போடணும், போட்டா திரும்ப வறண்டுடும்.

ஸ்டெப் 4: ஷாம்பு

பெரிய பாட்டில் வேணாம், பாக்கெட் போதும். கடலூர்க்காரங்க நாம பாக்கெட் ஷாம்புன்னு எளக்காரமா பேசக்கூடாது, அது நம்ம ஊரு சரக்கு. ஷாம்புவ பாக்கெட்டுல போட்டு சாதாரண ஜனங்க வாங்கற மாதிரி விக்கணும்னு யோசிச்ச சின்னி கிருஷ்ணன் கடலூர்காரர், அவரு மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல பதினஞ்சாயிரம் ரூபாய வெச்சு தொழில ஆரம்பிச்சு சிக் ஷாம்பு கொண்டாந்தாரு, அப்பா பேரோட மொத எழுத்துங்கதான் சிக், அந்த கம்பெனிதான் இப்ப கெவின்கேர். அதனால ரெண்டு ரூபா பாக்கெட்ட பெருமையாவே கிழிங்க.

கிழிச்சு நேரா தலைல கொட்டாம, அரை சொம்பு தண்ணில கலக்கி, உச்சந்தலைல மட்டும் ஊத்தி விரல் நுனியால தேய்ங்க. துணி துவைக்கற மாதிரி முடிய எல்லாம் உச்சில குவிச்சு கசக்கக்கூடாது. நுரை வழிஞ்சு எறங்கும்போதே நீளத்துல இருக்கற அழுக்கு போயிடும். வாரத்துக்கு ரெண்டு தடவ, வேர்வை அதிகம்னா மூணு. சோப்பு போட்டு தலை குளிக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க, சோப்பு காரத்தன்மை (ஆல்கலி) உள்ள சாமான், அது பட்டா அந்த ஓடுங்க எல்லாம் தூக்கிக்கும், நம்ம உப்புத்தண்ணில சேந்தா வெள்ளையா பிசுபிசுன்னு வேற படியும்.

சீயக்கா போடறவங்களுக்கு: பொடிய வெந்நீர்ல ஊற வெச்சு துணில வடிகட்டி தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்துக்கோங்க. பொடிய அப்படியே போட்டு தேய்ச்சா மெல்லிசு முடில மணல் தேய்ச்ச மாதிரி.

ஸ்டெப் 5: கண்டிஷனர்

இதையும் பாக்கெட்டுலயே வாங்கலாம், நாலஞ்சு ரூபா. சுண்டக்கா அளவு எடுத்து ரெண்டு கைலயும் பரப்பி காதுக்கு கீழ தடவுங்க, ஒரு பாக்கெட் எனக்கு ரெண்டு தடவைக்கு வருது. தடவுன கையோட அகலப்பல் சீப்பால நுனில இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி சிக்கு எடுங்க. வாரத்துல நான் சீப்பு போட்டு சிக்கெடுக்கறது இந்த நேரத்துல மட்டும்தான், காஞ்ச முடில எடுக்கறதே இல்ல. ரெண்டு நிமிஷம் விட்டு அலசிடுங்க.

கண்டிஷனருக்கு காசு இல்லன்னா செம்பருத்தி இலை. பதினஞ்சு இருபது இலைய தண்ணில போட்டு கசக்குனா வழவழன்னு வரும், அத வடிகட்டி கண்டிஷனர் மாதிரியே தடவி அலசலாம். வடிகட்டறதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, இலைத் துணுக்கு சாயங்காலம் வரைக்கும் உதிரும்.

கிளிசரின் பத்தி ஒரு வார்த்தை. தலைல தடவி விட்டுடற க்ரீம் வாங்கும்போது பின்னாடி பொருள் பட்டியல்ல தண்ணிக்கு அடுத்த ரெண்டு மூணு எடத்துல கிளிசரின் இருந்தா வெச்சிட்டு வந்துடுங்க. அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற சாமான், நம்ம ஊர்ல காத்து பூராவும் ஈரம், இழுத்து இழுத்து முடி உப்பிடும். டைமெத்திகோன்னு இருந்தா நல்லது, அது மேல ஒரு படலமா நின்னு ஈரத்த தடுக்கும்.

ஸ்டெப் 6: துவட்டறது

இங்கதான் நான் ஆறு வருஷம் கோட்டை விட்டேன். நம்ம வீடுகள்ல தலை குளிச்சதும் என்ன பண்ணுவோம்? குனிஞ்சு முடிய முன்னாடி போட்டு, துண்ட ரெண்டு கைலயும் இழுத்து புடிச்சு பட்டு பட்டுனு அடிப்போம். தண்ணி தெறிச்சு செவுரெல்லாம் நனையும். எங்க ஆயா அப்படி அடிச்சா பக்கத்து வீட்டுக்கு கேக்கும். அவங்களுக்கு கயிறு மாதிரி முடி, தாங்குச்சு. நம்முளுது ஈரத்துல ஊறி, கட்டெல்லாம் அவுந்து, ஓடு தூக்கிகினு நிக்குது, அந்த நேரத்துல சொரசொரப்பான டர்க்கி டவல் வெச்சு அடிச்சா, தேச்சா, ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு பக்கமா பிரிஞ்சு நின்னுடும். அப்புறம் எந்த சீரம் போட்டும் அத படிய வெக்க முடியாது.

ஒரு பழைய காட்டன் பனியன் எடுத்துக்கோங்க, அப்பாவோடது, அண்ணனோடது எதுவா இருந்தாலும் சரி, ஓட்டை இருந்தாலும் பரவால்ல. இல்லன்னா நல்லா துவைச்சு துவைச்சு மெலிஞ்சு போன ஈரிழைத் துண்டு. பாத்ரூம்லயே நின்னு, மொதல்ல கையால முடிய மேல இருந்து கீழ பிழிஞ்சு விடுங்க, முறுக்கக்கூடாது. அப்புறம் பனியனால கொத்து கொத்தா புடிச்சு அழுத்துங்க. தேய்க்கவே கூடாது. ஒத்தி எடுக்கறது, அவ்ளோதான். சொட்டறது நின்னா போதும், முடி இன்னும் நல்ல ஈரமா இருக்கணும், ஏன்னா அடுத்த ஸ்டெப்புக்கு ஈரம் வேணும்.

இத மட்டும் மாத்தி ஒரு வாரம் பாத்தேன், வேற எதுவும் மாத்தல. பாதி பரட்டை கொறைஞ்சது. காசு செலவு பூஜ்ஜியம். அதுக்கு முன்னாடி போன பணத்த நெனச்சா வயிறு எரியுது.

ஸ்டெப் 7: ஆளி விதை ஜெல்

சேலைக்கு கஞ்சி மாதிரி முடிக்கு இது. நாட்டு மருந்து கடைல ஆளி விதைன்னு கேளுங்க, ஃப்ளாக்ஸ் சீட்னாலும் குடுப்பாங்க, 100 கிராம் முப்பது ரூபாக்குள்ள வரும்.

ரெண்டு டேபிள் ஸ்பூன் விதை, ரெண்டு கப் தண்ணி. நடுத்தர தீயில வெச்சு கிளறிகினே இருங்க. ஒண்ணும் ஆகாத மாதிரியே இருக்கும், ஏழெட்டு நிமிஷத்துல திடீர்னு வெள்ளை நுரை கட்டி பொங்க வரும், கரண்டிய தூக்குனா முட்டை வெள்ளைக்கரு மாதிரி கோழையா நூல் விட்டு எறங்கும். அந்த நொடி அடுப்ப அணைச்சு, சூடோட சூடா வடிகட்டணும். சூடோடன்னா சூடோட. மொத தடவ நான் போன் வந்துச்சுன்னு பேசிட்டு இருபது நிமிஷம் கழிச்சு வந்தேன், நுங்கு மாதிரி ஒறைஞ்சு போய் வடிகட்டில ஒரு சொட்டு எறங்கல, சுடிதார் ஷால்ல போட்டு பிழிஞ்சு எடுத்தேன், விதையும் சேந்தே வந்துடுச்சு. மறுநாள் கடைல கூட வேல பாக்கற பொண்ணு "ஏய், தலைல இன்னாடி பேன் மாதிரி ஒட்டிகினு இருக்கு"ன்னு கேட்டது கஸ்டமர் முன்னாடி. மெல்லிசான பழைய நைலான் துணில வடிகட்டுனா பிரச்னை இல்ல.

ஆறுனதும் மூடி போட்ட டப்பால ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் வரும். வெளிய வெச்சா நம்ம ஊரு சூட்டுக்கு ரெண்டு நாள்ல ஊசிப் போயிடும், வாடை வந்தா கீழ ஊத்திடுங்க, தலைல போட்டு பரிசோதனை வேணாம். ஐஸ் ட்ரேல ஊத்தி கட்டியாக்கி வெச்சா தேவைக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்.

போடற விதம்: ஈர முடிய ரெண்டா பிரிச்சு, பக்கத்துக்கு ஒரு டீஸ்பூன் எடுத்து உள்ளங்கைல பரப்பி, சாமி கும்பிடற மாதிரி ரெண்டு கையையும் சேத்து நடுவுல முடிய வெச்சு மேல இருந்து கீழ நீவி எறக்குங்க. மூணு நாலு தடவ. கைல மிச்சம் ஒட்டியிருக்கறத நெத்தி ஓரத்து பூனை முடில. அப்புறம் கைய எடுத்துடுங்க, தொடாதீங்க. காஞ்சதும் மொறமொறன்னு கஞ்சி போட்ட மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க, முழுசா காஞ்சப்புறம் ஒரே ஒரு சொட்டு தேங்கா எண்ணெய உள்ளங்கைல தேச்சு, முடிய லேசா கசக்கி விட்டா அந்த மொறமொறப்பு உடைஞ்சு மெத்துனு ஆயிடும். ஈரம் இருக்கும்போதே கசக்குனா எல்லாம் வீண்.

அரிசி கழுவுன தண்ணி பத்தி எல்லாரும் கேப்பாங்க. எனக்கு விறைப்பாதான் ஆச்சு, ரெண்டு மாசம் பாத்துட்டு விட்டுட்டேன்.

ஸ்டெப் 8: காய வெக்கறது

ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்தா முடி பறந்துகினே காயும், பறந்த வாக்குலயே நின்னுடும். ஃபேன ஒண்ணுல வெச்சு தள்ளி உக்காருங்க. மழை மாசத்துல மூணு மணி நேரம் ஆனாலும் காயாது, அப்ப ட்ரையர் தப்பில்ல. ரொம்ப நேரம் ஊறிகினே இருக்கறதும் முடிக்கு கெடுதல்தான். 2011-ல கொரியால ஒரு ஆராய்ச்சில ட்ரையர 15 சென்டிமீட்டர் தள்ளிப் புடிச்சு கைய ஆட்டிகினே காய வெச்சப்போ, தானா காய விட்டத விட உள் சேதம் கம்மியா இருந்துச்சு. கொறைஞ்ச சூடு, காத்து மேல இருந்து கீழ போகணும், ஓடு படிஞ்சு மூடிக்கும்.

ஈரத்தோட எறுக்கிக் கட்டி பூ வெச்சிகினு போறது நம்ம பொண்ணுங்க எல்லாரும் பண்றதுதான், டைம் இல்ல, வேற என்ன பண்றது. ஆனா உள்ள காயாம புழுங்கி வாடை வரும், பொடுகும் கூடும். முந்தின நாள் சாயங்காலமே தலை குளிச்சா இந்த ரோதனையே இல்ல, நான் அப்படித்தான் மாறிட்டேன்.

ஸ்டெப் 9: ராத்திரியும் ரோடும்

தையல் கடைல லைனிங்குக்கு விக்கிற சாட்டின் துணி ஒரு மீட்டர் வாங்கி தலகாணி உறை தச்சுக்கோங்க. இல்ல கட்டாத பழைய பட்டு துணி ஏதாவது. காட்டன் உறைல பொரள பொரள ஒரசும். முடிய உச்சில தளர ஒரு கொண்டை, இல்ல தளர பின்னல். பஸ்ல ஜன்னல் சீட் கெடைச்சா துப்பட்டாவ தலைல சுத்திக்கோங்க. வண்டில போறவங்க ஹெல்மெட்டுக்குள்ள அதே சாட்டின் துணில மிச்சம் இருக்கறத கட்டிகினு போடுங்க.

சில்வர் பீச்சுக்கோ பாண்டி பீச்சுக்கோ போனா உப்புத் துளி முடில படியும், உப்பு ஈரத்த இழுத்துகினே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஷாம்பு வேணாம், வெறும் தண்ணில அலசுனா போதும்.

பார்லர்

பாண்டில ஒரு பார்லர்ல 5,000 ரூபா குடுத்து ஸ்மூத்தனிங் (மருந்து போட்டு முடிய நேராக்கறது) பண்ணேன், தங்கச்சி கல்யாணத்துக்கு. மூணு வாரம் ராணி மாதிரி இருந்தேன். நாலாவது மாசம் நுனில இருந்து துண்டு துண்டா உடைய ஆரம்பிச்சது, மேல மொளைச்சு வந்தது பழைய மாதிரியே பரட்டை, கீழ குச்சி, ரெண்டுங்கெட்டான். தடிப்பு முடி தாங்கற மருந்த மெல்லிசு முடி தாங்காது. கெரட்டின் ட்ரீட்மென்ட் சிலதுல சூடு படும்போது ஃபார்மால்டிஹைடுங்கற கெடுதலான புகை வரும், அதுக்கு பதிலா வர்ற கிளையாக்ஸிலிக் ஆசிட் வகைல கிட்னி பாதிப்பு ஆனவங்களப் பத்தி மருத்துவ இதழ்கள்லயே எழுதியிருக்காங்க. பண்றவங்க பண்ணிக்கோங்க, என்ன சாமான் போடறாங்கன்னு டப்பாவ கேட்டு வாங்கி பாத்துட்டு பண்ணுங்க. திடீர்னு கொத்து கொத்தா கொட்டுதுன்னா அது பரட்டை சமாச்சாரம் இல்ல, ரத்தசோகை, தைராய்டு எதுவா வேணா இருக்கலாம், பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரி தோல் ஓபிலயோ பக்கத்து டாக்டர்கிட்டயோ காட்டிடுங்க.

என் கணக்கு

மாசத்துக்கு பத்து குளியல். ஷாம்பு பாக்கெட் பத்து, 20 ரூபா. கண்டிஷனர் அஞ்சு, நாலு ரூபான்னு வெச்சா 20. ஆளி விதை 30. மொத்தம் எழுபது. கேன் தண்ணியும் எண்ணெயும் வீட்டுக்கணக்கு. சீப்பும் சாட்டின் துணியும் ஒரு தடவ செலவு.

கூண்டு ஏத்துன நாள்

கார்த்திகைல கடலூர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா இதுல எதுவும் வேலைக்கு ஆவாது, ஜெல்லு அரை மணி நேரத்துல கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். அன்னிக்கு தண்ணில விரல நனைச்சு நெத்தி ஓரத்த மட்டும் தடவி, நடு வகிடு எடுத்து, ரெண்டு பக்கமும் காதுக்கு மேல இருந்தே முடிய சேத்துகினு பின்னி, கழுத்துகிட்ட ஒண்ணாக்கி, நுனிய உள்ள மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு, அது மேல ரெண்டு கொண்டை ஊசி. என்னோடது மழைல நனைஞ்சு பஸ்ல காஞ்சு திரும்ப நனைஞ்சும் சாயங்காலம் வரைக்கும் நிக்குது.